மண்ணைவிடத் தண்ணிதான் தள்ளும்: வீட்டுக்குக் கல் தடுப்புச் சுவரும் பூப்பாத்தியும் கட்டுவது

சென்னிமலைப் பக்கம் எங்கள் அப்புச்சியின் (அம்மாவின் அப்பா) காட்டில் ஒரு கல்லுக்கட்டு இருக்கிறது. மேல்காட்டுக்கும் கீழ்காட்டுக்கும் நடுவில், இடுப்பு உயரம், சிமெண்ட் சுண்ணாம்பு எதுவும் இல்லாமல் வெறும் கல்லை அடுக்கி வைத்தது. அம்மாவுக்கு நினைவு தெரிந்த நாளிலிருந்து அது அப்படியேதான் நிற்கிறதாம், ஆடு ஏறி இறங்கி ஓரிரண்டு இடத்தில் கல் உருண்டதைத் தவிர. பெருந்துறைப் பக்கம் நான் கட்டிய வீட்டுக்கு முன்னால், மேட்டு மண் சரியாமல் தாங்குவதற்காக, நல்ல சிமெண்ட் கலவை போட்டு, பூசி, பெயிண்டும் அடித்து எழுப்பிய 4 அடிச் சுவர் இரண்டாவது ஐப்பசி மழையில் வயிறு தள்ளி, மூன்றாம் நாள் காலையில் வாசலில் படுத்திருந்தது.

பார்க்க வந்த பெரியவர் ஒருவர், நாற்பது வருசம் கல் வேலை பார்த்தவர், இடிந்த இடத்தைச் சுற்றி ஒரு நடை நடந்துவிட்டு, “ஏனுங் தம்பி, செவுத்துக்கு மூக்கு வெக்காம உட்டுப்போட்டீங்களே” என்றார். மூக்கு என்று அவர் சொன்னது வீப் ஹோல், அதாவது சுவருக்குப் பின்னால் தேங்கும் தண்ணீரை முன்பக்கம் வெளியே விடும் குழாய். கட்டும்போது அதைப் பற்றிப் பேச்சு வரத்தான் செய்தது. குழாய் வைத்தால் பெயிண்டில் கறை வழியும், பார்க்க நன்றாக இருக்காது என்று வேண்டாம் என்று சொன்னது நான்தான். அதனால் இதில் கொத்தனாரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை.

கணக்கைப் பார்த்தால் விசயம் விளங்கிவிடும். 4 அடி உயரச் சுவரை, அதன் ஒவ்வோர் அடி நீளத்துக்கும், காய்ந்த மண் சுமார் 130 கிலோ விசையோடு தள்ளும். பின்னால் தண்ணீர் விளிம்பு வரை தேங்கி நின்றால் தண்ணீர் மட்டுமே 225 கிலோ தள்ளும், ஊறிய மண்ணின் பங்கையும் சேர்த்தால் 300 கிலோவுக்குக் கிட்ட வந்துவிடும். என் சுவர் ஒன்றரை அடி அகலம், நேராக எழுப்பியது, அடி நீளத்துக்கு 420 கிலோ எடை இருந்திருக்கும். அடிமண்ணோடு உரசி அது பிடித்துக்கொள்ளக்கூடியது அதில் ஏறக்குறைய பாதி, 210 கிலோ. ஆகவே வெயில் காலம் முழுக்க ஒன்றும் ஆகாமல் நின்றது, மண் ஊறியதும் போய்விட்டது. அப்புச்சியின் கல்லுக்கட்டில் இந்தப் பேச்சே இல்லை, ஆயிரம் இடுக்கு இருக்கிறது, தண்ணீர் எங்கே வேண்டுமானாலும் வெளியே வந்துவிடும்.

அதனால் இந்த வேலையில் காசு போட வேண்டிய இடம் சுவரின் முதுகுப்பக்கம். முகப்பக்கத்தை எப்போது வேண்டுமானாலும் அழகுபடுத்திக்கொள்ளலாம்.

எவ்வளவு உயரம், எந்த மண்

உயரம் இரண்டு மடங்கானால் மண் தள்ளும் விசை நான்கு மடங்காகிறது, சுவரைக் கவிழ்க்கும் சக்தி எட்டு மடங்காகிறது. வீட்டுக்காரர் தன் மேற்பார்வையில் கட்டக்கூடியது 4 அடி வரைதான் என்பது என் கருத்து. அதற்கு மேல் போனாலோ, சுவருக்குப் பின்னால் கார் நிறுத்துவதாக இருந்தாலோ, மேலே காம்பவுண்டோ வீடோ வருவதாக இருந்தாலோ இன்ஜினியரைக் கூப்பிட்டு ஆர்சிசி (கம்பி கட்டிய கான்கிரீட்) கணக்குப் போடச் சொல்லிவிடுங்கள், அவருக்குக் கொடுக்கும் காசு வீண் போகாது. இடம் இருந்தால் இன்னொரு வழி உண்டு. 5 அடி மேட்டை ஒரே சுவராக நிறுத்தாமல் இரண்டரை அடியாக இரண்டு படி வைத்துக் கட்டலாம், ஆனால் இரண்டுக்கும் நடுவில் கீழ்ச்சுவரின் உயரத்தைப் போல இரண்டு மடங்காவது, அதாவது 5 அடியாவது, இடைவெளி வேண்டும். நெருக்கி வைத்தால் மேல்சுவரின் பாரமும் கீழ்ச்சுவரின் தலையில்தான் இறங்கும். அந்த 5 அடி இடைவெளி அப்படியே பூப்பாத்தி ஆகிவிடுகிறது, நான் இரண்டாம் முறை கட்டியது இப்படித்தான்.

அடுத்து மண். நம் பக்கம் பாதிக்குப் பாதி செம்மண், கொஞ்சம் தோண்டினால் சுக்காங்கல்லோ பாறையோ தட்டுப்படும், அது நல்ல நிலம். பல்லடம், உடுமலை, கோவையின் சில பகுதிகள் மாதிரி கருமண் இருக்கும் இடத்தில்தான் யோசிக்க வேண்டும். சந்தேகமாக இருந்தால் ஒரு கைப்பிடி மண்ணை நனைத்துப் பிசைந்து உள்ளங்கையில் உருட்டிப் பாருங்கள், முறுக்குக்குப் பிழிந்த மாவு மாதிரி உடையாமல் மெல்லிசாக நீண்டால் களி அதிகம். அந்த மண் மழையில் உப்பும், கோடையில் கை நுழைகிற அளவுக்கு வெடிப்பு விடும், அதன்மேல் உட்கார்ந்த சுவரும் கூடவே ஏறி இறங்கும். அங்கே வானம் (அடிமானத்துக்கான பள்ளம்) தோண்டும்போது 3 அடியாவது போய், அடியில் ஓர் அடிக்குக் கிராவல் போட்டு, தண்ணீர் விட்டு இடித்துக் கெட்டிப்படுத்திய பிறகுதான் கான்கிரீட். தோண்டி எடுத்த கருமண்ணைத் திரும்பச் சுவருக்குப் பின்னால் தள்ளவே கூடாது. மண் சும்மா கிடைக்கிறதே என்று எல்லோருக்கும் கை அரிக்கும், ஆனால் வண்டி வைத்துச் செம்மண்ணோ கிராவலோ அடித்துக்கொள்வதுதான் சரி.

கயிறு கட்டுவதற்கு முன் எல்லைக்கல் எங்கே என்று பார்த்து, அடிமானம் உட்பட முழுச்சுவரும் உங்கள் இடத்துக்குள் வருகிறதா என்று உறுதி செய்துகொள்ளுங்கள். பங்காளிக்குள் தடப் பிரச்சனை எப்படி ஆரம்பிக்கும் என்று நம் ஊரில் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

வானம், கடைக்கால்

செம்மண்ணில் 4 அடிச் சுவருக்கு ஒன்றரை அடி ஆழம் போதும். அகலத்தை உயரத்தில் பாதிக்குச் சற்று மேலே வையுங்கள். தரைமட்டத்தில் சுவர் இரண்டே கால் அடி, உச்சியில் ஒன்றேகால் அடி என்று வைக்கலாம். கான்கிரீட் அதைவிட இரு பக்கமும் அரை அடி கூடுதலாக வர வேண்டும், அதனால் வானம் மூன்றேகால் அடி அகலம். மூலை சரியாக வர வேண்டுமானால் கயிற்றில் ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி குறித்து, குறுக்கே 5 அடி வருகிறதா என்று பாருங்கள். மட்டத்துக்கு டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய டியூப்) போதும், ஆனால் டியூபுக்குள் காற்றுக்குமிழி இருந்தால் மட்டம் பொய் சொல்லும்.

வானத்தின் அடியை உள்பக்கமாக, அதாவது மேட்டுப்பக்கமாக, ஓர் இன்ச் இரண்டு இன்ச் சரிவாகச் செதுக்கச் சொல்லுங்கள். சுவர் முன்னால் நகர நினைத்தால் ஏறிப்போக வேண்டியிருக்கும். கொத்தனார்கள் மட்டம் தப்பிவிட்டது என்று நினைத்துச் சரி செய்துவிடுவார்கள், முதலிலேயே சொல்லி வையுங்கள். பிறகு ஒன்றரை இன்ச் ஜல்லி போட்டு 1:4:8 கலவையில் (சிமெண்ட், மணல், ஜல்லி) 5 இன்ச் கான்கிரீட். கம்பி வேண்டியதில்லை, இந்தச் சுவர் தன் எடையால் நிற்பது.

30 அடி நீளத்துக்குச் சாமான் கணக்கு சொல்கிறேன், தரைக்குக் கீழே போகும் கல்லையும் சேர்த்துத்தான். கருங்கல் மூன்றரை யூனிட் (ஒரு யூனிட் 100 கனஅடி), சிமெண்ட் 18 முதல் 20 மூட்டை, எம்-சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்) ஒன்றேகால் யூனிட், கான்கிரீட்டுக்கு 40 கனஅடி ஜல்லி, சுவருக்குப் பின்னால் போட இன்னொரு 120 கனஅடி ஜல்லி. கடைசியில் சொன்ன அந்த ஜல்லியைத்தான் வீட்டுக்காரர்கள் முதலில் வெட்டுவார்கள், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் போகிறதே என்று. கல்லுக்குப் பஞ்சமில்லை, ஊத்துக்குளியிலிருந்து கரூர் க.பரமத்தி வரைக்கும் குவாரிதான், வண்டி வாடகைதான் விலையைத் தீர்மானிக்கும். எம்-சாண்ட் என்று சொல்லிக் குவாரி தூளைக் கொட்டிவிட்டுப் போவதும் நடக்கிறது. ஒரு கண்ணாடி டம்ளரில் பாதிக்கு மணலும் மீதிக்குத் தண்ணீரும் விட்டுக் குலுக்கி வையுங்கள், அரைமணி நேரம் கழித்து மேலே மாவு மாதிரி தடிமனாகப் படிந்தால் வண்டியைத் திருப்பி அனுப்பிவிடலாம்.

கலவைத் தண்ணீர் பற்றி ஒரு வார்த்தை. ஆழ்குழாய்க் கிணற்றில் வாய் வைக்க முடியாத உப்புத் தண்ணியாக இருந்தால் அதைக் கலவைக்கு ஊற்றாதீர்கள், சுவர் முகத்தில் வெள்ளை வெள்ளையாக உப்புப் பூக்கும். ஆத்துத் தண்ணி இரண்டு மூன்று டிரம் பிடித்து வைத்துக்கொண்டால் போதும்.

கல் வைப்பது

நல்ல கல் வேலையை அரைமணி நேரம் நின்று பார்த்தால் தெரிந்துவிடும். அந்தப் பெரியவர் ஒரு கல்லைத் தூக்கியதும் உடனே வைக்க மாட்டார். இரண்டு தடவை கையில் புரட்டி அதன் படுக்கை எது என்று பார்ப்பார், அகலமான பக்கம் கீழே, நீளமான பக்கம் சுவருக்குள்ளே, சின்ன முகம் வெளியே. கலவை போடாமல் ஒரு முறை வைத்து ஆட்டிப் பார்ப்பார். ஆடினால் எந்த முனை தூக்குகிறது என்று விரலால் தடவி, சுத்தியால் அந்த முனையைத் தட்டிவிட்டு, அப்புறம்தான் கலவை. வைத்த பிறகு சுத்தியின் பிடியால் இரண்டு தட்டு, சத்தம் கெட்டியாக வரும். இடுக்கில் கலவையை அப்பாமல் முதலில் சில்லுக்கல்லை அடித்து இறக்கி, மீதி சந்துக்குத்தான் கலவை போடுவார். கல் நன்றாக உட்கார்ந்தால் சிமெண்ட் தானாகவே குறையும்.

மோசமான வேலை எப்படி இருக்கும் என்றால், பெரிய முகம் வெளியே தெரிகிற மாதிரி கல்லைப் பலகைபோல நிறுத்தி வைப்பார்கள். பார்க்க அழகாக இருக்கும், வேலையும் வேகமாக ஏறும். முன்னால் ஒரு வரிசை, பின்னால் ஒரு வரிசை, நடுவில் உடைசலும் தண்ணியாகக் கரைத்த கலவையும் கொட்டி நிரப்பிவிடுவார்கள். அது ஒரு சுவரே இல்லை, ஒட்டாத இரண்டு தோல்கள். இதைத் தடுக்க, இரண்டு அடி உயரத்துக்கு ஒரு முறை, நீளவாக்கில் 5 அடிக்கு ஒன்றாக, முன்முகத்திலிருந்து பின்முகம் வரை ஊடுருவிப் போகும் நீளக்கல் வைக்கச் சொல்லுங்கள். அந்தக் கல்லை இறக்கும்போதே தனியாக எடுத்து ஓரமாக வைத்துவிடுவது நல்லது, இல்லாவிட்டால் உடைத்துச் சில்லாக்கிவிடுவார்கள். மேல்வரிசைச் சந்தும் கீழ்வரிசைச் சந்தும் ஒரே நேர்கோட்டில் வரக் கூடாது என்பது செங்கல்லுக்கு எப்படியோ அப்படியே கல்லுக்கும்.

சுவர் முகம் மேட்டுப்பக்கமாகச் சாய வேண்டும், அடிக்கு ஓர் இன்ச். இதற்கு ஒரு சுலபமான கருவி: 4 அடி நீளப் பலகையை ஆப்பு மாதிரி சீவி, மேல் முனை 4 இன்ச் அகலமாகவும் கீழ் முனை கூர்மையாகவும் வைத்துக்கொள்ளுங்கள். சாய்ந்த விளிம்பைச் சுவர் முகத்தில் ஒட்டிப் பிடித்து, வெளி விளிம்பில் தூக்குக்குண்டைத் தொங்கவிட்டால் நூல் விளிம்போடு ஒட்டி நிற்க வேண்டும். பின்பக்கத்தைப் படிப்படியாகக் குறைத்து வரலாம், மண்ணுக்குள் மறைவதுதானே.

கலவை 1:6 (சிமெண்ட் ஒன்றுக்கு மணல் ஆறு) போதும், தண்ணீர் ஊற்றிய கலவையை அரைமணி முக்கால் மணிக்குள் தீர்த்துவிட வேண்டும். மதியம் சாப்பாட்டுக்குப் போய் வந்து காய்ந்த கலவையில் தண்ணீர் தெளித்து மறுபடி கிளறுவதைக் கண்டால் கூச்சப்படாமல் கொட்டச் சொல்லுங்கள். ஒரே நாளில் 3 அடிக்கு மேல் ஏற்ற வேண்டாம். இப்போது கடையில் பெரும்பாலும் கிடைப்பது பிபிசி (சாம்பல் கலந்த) சிமெண்ட், அதற்கு 10 நாளாவது ஈரச்சாக்கு போட்டுத் தண்ணீர் காட்ட வேண்டும், சித்திரை வைகாசி வெயிலில் ஒரு நாளைக்கு மூன்று வேளை.

மூக்கும் முதுகும்

முன்பக்கத் தரையிலிருந்து அரை அடிக்கு மேலே முதல் வரிசைக் குழாய், 3 இன்ச் பிவிசி, 4 அடிக்கு ஒன்று. அதற்கு மேல் இரண்டு அடி தள்ளி இரண்டாம் வரிசை, கீழ்க்குழாய்களுக்கு நடு நடுவே வருகிற மாதிரி. குழாய் முன்பக்கம் ஓர் இன்ச் இறங்கியிருக்க வேண்டும். கட்டும்போது ஒவ்வொரு குழாய்க்குள்ளும் காலி சிமெண்ட் பையைச் சுருட்டித் திணித்து வையுங்கள், வேலை முடிந்ததும் உருவிவிடலாம், இல்லையென்றால் கலவை விழுந்து பாதிக்குழாய் அடைந்துதான் கிடக்கும். உள்வாயில் நைலான் வலை கட்டிவிடுங்கள்.

பின்னால், சுவரை ஒட்டி ஓர் அடி அகலத்துக்கு அடியிலிருந்து மேல் வரை வெறும் ஜல்லி. ஜல்லிக்கும் மண்ணுக்கும் நடுவில் ஜியோ டெக்ஸ்டைல் துணி (தண்ணீரை விட்டு மண்ணைத் தடுக்கும் செயற்கை இழைத் துணி) விரிக்க வேண்டும், அது இல்லாவிட்டால் இரண்டு மழையில் மண் ஜல்லிக்குள் இறங்கி அடைத்துக்கொள்ளும். திருப்பூர் பக்கத்தில் இருக்கிறோமே என்று பனியன் வேஸ்ட்டை விரித்தவர் ஒருவரை எனக்குத் தெரியும். பஞ்சுத்துணி மண்ணுக்குள் ஒரு வருசம் கூடத் தாங்காது, சணல்சாக்கும் அப்படித்தான்.

மண் நிரப்புவதற்குச் சுவர் கட்டி இரண்டு வாரமாவது பொறுங்கள். 8 இன்ச் போட்டு, லேசாக நனைத்து, திமிசுக் கட்டையால் இடித்து, அடுத்த 8 இன்ச். ஜேசிபிக்காரர் ஐந்து நிமிசத்தில் தள்ளிவிட்டுப் போகிறேன் என்பார். வண்டி சுவரிலிருந்து சுவரின் உயரம் அளவுக்காவது தள்ளியே நிற்கட்டும், ஓரத்தை ஆளை வைத்துத்தான் நிரப்ப வேண்டும். மேலே கடைசி முக்கால் அடிக்கு நல்ல கெட்டி மண், அதுவும் மழைத்தண்ணீர் சுவரை விட்டு விலகி ஓடும்படி சரிவாக. மாடித்தண்ணீர்க் குழாயும் டேங்க் நிரம்பி வழியும் குழாயும் சுவருக்குப் பின்னால் விழக்கூடாது. என் முதல் சுவருக்கு மாடித்தண்ணீர் முழுக்க அங்கேதான் இறங்கிக்கொண்டிருந்தது, அதை இடிந்த பிறகுதான் கவனித்தேன்.

3 அடிக்குள் என்றால் சிமெண்ட் இல்லாமல் அப்புச்சி பாணியிலேயே அடுக்கலாம். அடி அகலம் 2 அடி, சாய்வு அடிக்கு 2 இன்ச், பின்னால் அதே ஜல்லி. குழாயே வேண்டாம். ஆனால் கல் வைக்கத் தெரிந்த கை வேண்டும், அந்தக் கை இப்போது குறைந்துகொண்டே வருகிறது.

பூப்பாத்தி

பாத்திச் சுவருக்குக் கல் தேவையில்லை, செங்கல் போதும். ஒன்றரை அடி உயரம், 9 இன்ச் கனம், 1:5 கலவை. செங்கல்லைக் குமிழி நிற்கும்வரை தண்ணீரில் ஊறப்போட்டு எடுத்துக் கட்டுங்கள், காய்ந்த கல் கலவையின் ஈரத்தைக் குடித்துவிடும். ஹாலோ பிளாக் வைத்தால் ஓட்டைகளைக் கான்கிரீட்டால் நிரப்பிவிடுங்கள். மேலே ஓர் அடி அகலக் கருங்கல் பலகை பதித்தால் ஒன்றரை அடி என்பது சரியாக உட்காரும் உயரம், சாயங்காலம் அக்கம்பக்கத்து ஆத்தாமார்கள் வந்து உட்கார்ந்து கதை பேசுவதற்கு எங்கள் வீட்டில் திண்ணை இல்லாத குறையை அதுதான் தீர்த்திருக்கிறது.

வீட்டுச் சுவரையே பாத்தியின் ஒரு பக்கமாக வைத்துக் கட்டிவிடாதீர்கள். தினம் ஊற்றுகிற தண்ணீர் பேஸ்மெண்டில் இறங்கி உள்ளறையில் ஓதம் ஏறும், பெயிண்ட் செதில் செதிலாக உரியும். ஒன்றரை அடியாவது தள்ளி நான்கு பக்கமும் தனிச்சுவர். ஒரு பக்கம் மட்டும் நின்று கை விடுவதானால் அகலம் இரண்டரை அடிக்குள், இரு பக்கமும் போக முடிந்தால் 4 அடி. அடியில் கான்கிரீட் போடவே வேண்டாம், தரை மண்ணைக் கொத்திவிட்டு மேலே நிரப்புங்கள். சுவரின் உள்முகத்துக்கு வாட்டர்புரூஃப் கலந்து பூசி, அடியில் 4 அடிக்கு ஒரு துளை.

நிரப்ப, செம்மண் இரண்டு பங்கு, மக்கிய தொழு உரம் ஒரு பங்கு, பொள்ளாச்சித் தென்னை நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவை இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்துவிட்டுப் போடுங்கள், அதில் உப்பு இருக்கும். மண் இறங்கும், முதல் மழைக்கே இரண்டு இன்ச் குறையும், அதனால் விளிம்பு வரை நிரப்பித்தான் வைக்க வேண்டும். கனகாம்பரம், செவ்வந்திக்கு ஓர் அடி மண் போதும், மல்லிகை, செம்பருத்தி, நந்தியாவட்டைக்கு ஒன்றரை அடி. அரளி வெயிலுக்கு அசராது, ஆனால் கட்டுத்தரை பக்கத்தில் இருந்தால் வைக்காதீர்கள், இலையைத் தின்ற ஆடு மாடு பிழைப்பது கடினம். தடுப்புச் சுவருக்கு மேலே இருக்கும் பாத்தியில் வேம்பு, மா என்று மரம் எதுவும் வேண்டாம். கல் இடுக்கில் குருவி எச்சத்தில் அரசங்கன்று முளைத்தால் விரல் நீளத்திலேயே பிடுங்கிவிடுங்கள், வளர்ந்த பிறகு வெட்டினால் வேரிலிருந்து மறுபடி வரும்.

முதல் பெரிய மழை அடித்து ஓய்ந்ததும் குடையை எடுத்துக்கொண்டு போய் குழாய் ஒவ்வொன்றையும் பாருங்கள். தெளிந்த தண்ணீர் சொட்டினால் சரி. செம்மண் கரைந்து கலங்கி வந்தால் துணி எங்கோ விலகியிருக்கிறது, அந்த இடத்தில் மேலிருந்து தோண்டித் துணியைச் சரி செய்ய வேண்டும், இல்லாவிட்டால் நாளாக நாளாகப் பின்னால் பள்ளம் விழும். பக்கத்துக் குழாய்கள் ஓடும்போது ஒன்று மட்டும் காய்ந்து கிடந்தால் ஒரு கம்பியை விட்டுக் குத்திப் பாருங்கள். எங்கள் வீட்டில் மூன்றாவது குழாயில் நான் உருவ மறந்த சிமெண்ட் பை வந்தது.